கடலடி வாயிலைத் திறந்தவர்

மலைமுடிகளையும் பாலைவனங்களின் நடுவையும் துருவங்களின் பனிப்பரப்பையும் தேடிச் சென்று கண்ட மனிதன், தன் வீட்டு வாயிலிற் கிடந்த கடலின் அடியை நெடுங்காலம் காணாதிருந்தான். கரைக்கு மிக அணித்தாய், பத்து ஆள் ஆழத்தில் என்ன உளது என்பதை முத்துக்குளிப்போரும் கடற்பஞ்சு எடுப்போருமே நேரிற் கண்டிருந்தனர். அவர்களும் ஒரு மூச்சு நிற்கும் பொழுதளவே அங்குத் தங்க வல்லவராயிருந்தனர். இந்நிலையை மாற்றி, நீந்தத் தெரிந்தவர் எவரும் சின்னாட் பயிற்சியோடு மீனினங்களின் நடுவே உலாவி மீளலாம் என்னும் நிலையை உண்டாக்கியவருள் தலைமையாக எண்ணத்தக்கவர், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியாகிய ழாக் ஈவ் கூஸ்தோ என்பவர். அவர் திறந்த வாயிலின் வழியே நன்மையும் தீமையும் ஒருங்கே புகுந்தன. அவ்விரண்டையும் அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார். கண்டு தம் போக்கைத் திருத்திக்கொண்டார். அதுபற்றியே அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

கூஸ்தோ 1910-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள், பிரான்சு தேசத்தின் தென்மேற்கில் போர்தோ நகருக்கு அணித்தான சேன் ஆந்திரே தெ கூப்சாக் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையில் உடல்நலம் குன்றியவராயிருந்தும், நீரில் இறங்குவதிற் பெருவேட்கை கொண்டிருந்தார். குடும்பத்தோடு சிலகாலம் அமெரிக்காவில் வாழ்ந்தபோது, சிறுவர் முகாமொன்றில் ஏரியின் அடியிற் கிடந்த மரக்கிளைகளை அப்புறப்படுத்தும் வேலையில் ஏவப்பட்டு, நீருட் புகுந்து பழகினார். பள்ளிப்பருவத்திலேயே தாம் சேர்த்துவைத்த பணங்கொண்டு ஒரு சினிமாப்படக் கருவியும் வாங்கினார். நீரும் படமும் ஆகிய இவ்விரு பற்றுக்களும் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1930-ஆம் ஆண்டிற் கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்த அவர், விமானமோட்டியாக வேண்டுமென்றே விரும்பினார். பயிற்சி முடியுந் தறுவாயில் மோட்டார் வண்டி விபத்தொன்றில் இரு கைகளும் முறிந்தன. ஒரு கையை வெட்டிவிடுதலே தக்கதென வைத்தியர்கள் கூற, அவர் அதற்கு இசையாது, பன்மாதம் விடாது முயன்று கைகளை மீண்டும் வழக்கத்துக்குக் கொணர்ந்தார். ஆயினும் வானத்தின் கதவு அவருக்கு மூடிவிட்டது. மத்தியதரைக் கடற்கரையில் உள்ள தூலோன் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டார். கைகள் வலுப்பெறும்பொருட்டு நாடோறும் கடலில் நீந்தி வந்தவருக்கு, 1936-ஆம் ஆண்டில் பிலிப் தாயியே என்னும் சக அதிகாரி, நீர் புகாத கண்ணாடியொன்றை அணியக் கொடுத்தார். அதை அணிந்து முகத்தை நீருட் புகுத்திய அக்கணமே தம் வாழ்வு திரும்பிற்று என்று கூஸ்தோ பிற்காலத்திற் பலமுறை சொல்லியிருக்கின்றார்.

அக்கடலின் இயல்பை இங்கே ஒருசிறிது கூறுதல் வேண்டும். தூலோனுக்கும் மார்சேல்ஸ் நகருக்கும் இடைப்பட்ட கரையிற் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக இறங்கிக் கடலுட் புகுகின்றன. கடலோடிகள் பார் என வழங்கும் பாறைத்தொடர்கள் கரையை ஒட்டியே கிடக்கின்றன. அவற்றிற் குகைகளும் வளைவுகளும் மலிந்துள்ளன. ஏற்றவற்றம் மிகக் குறைவாதலால் அமைதியான நாட்களில் நீர் பளிங்குபோலத் தெளிந்திருக்கும். பாறையின் நிழற்பக்கங்களிற் செம்பவளமும் பல நிறக் கடற்பஞ்சுகளும் ஒட்டி வளரும். பாறைகளுக்கு அப்பால் கடற்புல் வெளிகள் பரந்திருக்கும். பெருங்கடலின் திகைப்பிக்கும் ஆழமும் நீரோட்டமும் இன்றி, சில ஆள் ஆழத்திலேயே இத்துணைக் காட்சியும் வாய்க்கும் இடம், புதிதாக மூழ்கக் கற்போருக்கு இயற்கை அமைத்த பள்ளிக்கூடம் என்றே கூறலாம். கூஸ்தோவும் தாயியேயும், பிரெடெரிக் தூமா என்னும் வேட்டையில் வல்ல இளைஞரும் அப்பள்ளியின் மாணாக்கராயினர்.

ஆயினும் மூச்சு ஒரு தளையாயிருந்தது. தலையில் உலோகக் கவசமும் காலில் ஈயப்பாதரட்சையும் பூண்டு, மேலேயுள்ள படகிலிருந்து குழாய் வழியே காற்றுப் பெற்று இறங்குவோர் அக்காலத்தில் இருந்தனர். அவர்கள் கட்டிய கயிற்றளவே நடக்கும் கைதிகளை ஒத்தவர். முதுகிற் காற்றைச் சுமந்துசெல்லும் கருவியையும் சிலர் முன்னரே செய்திருந்தனர். கூஸ்தோவின் நாட்டவராகிய லெ ப்ரியேர் 1926-இல் அத்தகையதொன்றை அமைத்தார். அதிற் காற்று இடைவிடாது வெளிப்பட்டமையால் விரைவிலே தீர்ந்தது. கூஸ்தோ தனிப் பிராணவாயுவைச் சுவாசிக்கும் கருவியைச் சோதித்தார். அழுத்தம் மிக்கவிடத்துப் பிராணவாயுவே நஞ்சாகுமாதலின், இருமுறை வலிப்புக் கண்டு மயிரிழையில் உயிர்தப்பினார்.

இந்நிலையில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1942-ஆம் ஆண்டின் இறுதியில் கூஸ்தோ பாரிசு நகரஞ் சென்று எமில் கான்யான் என்னும் எஞ்சினியரைச் சந்தித்தார். கூஸ்தோவின் மனைவி சிமோன் அம்மையாரின் தந்தை, வாயுக்களைத் தயாரிக்கும் ஏர் லிகீட் கம்பெனியில் உயர்பதவி வகித்தவர். கான்யான் அக்கம்பெனியில் வேலைசெய்தவர். பெட்ரோல் கிடையாத அக்காலத்தில் மோட்டார் வண்டிகளை வேறு வாயுவால் ஓட்டும்பொருட்டு, எஞ்சின் வேண்டுமளவு மட்டும் வாயுவை விடும் வால்வொன்றைக் கான்யான் அமைத்திருந்தார். எஞ்சினுக்கு உதவுவது மனிதனுடைய நுரையீரலுக்கு ஏன் உதவாது என்பதே இருவரும் ஆராய்ந்த கேள்வி.

அக்கருவியின் தத்துவம் எளிது. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. அவ்வழுத்தத்துக்குச் சமமான அழுத்தமுடைய காற்றே நுரையீரலுட் புகவல்லது. கான்யானின் பெட்டியில் ஒருபுறம் நீரும் மறுபுறம் காற்றுமாக நடுவே ஒரு ரப்பர்ச் சவ்வு உண்டு. மூழ்குவோர் மூச்சை இழுக்குங்கால் சவ்வு உட்குழிந்து நெம்புகோலை அழுத்த, உருளையில் அடைக்கப்பட்டுள்ள காற்று வேண்டுமளவு வெளிப்படும். இழுப்பது நின்றால் வரவும் நிற்கும். 1943-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் மார்ன் ஆற்றில் முதற்சோதனை நடந்தது. கிடையாக நீந்தும்போது நன்கு உழைத்த கருவி, நிமிர்ந்தால் காற்றை வீணே கொட்டிற்று. தலைகீழானால் காற்றைத் தர மறுத்தது. வெளிமூச்சுப் போகும் துளையும் உள்மூச்சு வரும் இடமும் வெவ்வேறு மட்டத்தில் இருந்தமையே குற்றம் என்பதை உணர்ந்து, இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்தனர். குற்றம் நீங்கிற்று.

அவ்வாண்டு ஜூன் மாதம், திருத்திய கருவி மரப்பெட்டியிற் பாந்தோல் என்னும் ஊரின் ரயில் நிலையத்துக்கு வந்துசேர்ந்தது. அக்கரை அப்போது இத்தாலியப் படையின் கையில் இருந்தமையால், பிறர் கண்ணிற் படாத சிறு வளைகுடாவொன்றைத் தேர்ந்தனர். மூன்று உருளைகளை முதுகிற் கட்டிக்கொண்டு கூஸ்தோ இறங்கினார். சிமோன் அம்மையார் மேலே மிதந்தவாறு கண்ணாடி வழியே அவரை நோக்கியிருந்தார். ஏதேனும் நேரிட்டால் பாய்ந்து இறங்கும்பொருட்டுத் தூமா கரையிற் காத்திருந்தார். கயிறுமின்றிக் குழாயுமின்றி, கூஸ்தோ குட்டிக்கரணம் இட்டார், தலைகீழாக நின்றார், மூச்சு சீராகவே வந்துகொண்டிருந்தது. பின்னர்ப் பாறையில் ஒரு குகைவாயிலைக் கண்டு உள்ளே நுழைந்தார். இருண்ட அக்குகையின் கூரை முழுதும் சிங்கி இறால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. உணவு அருகிய போர்க்காலம். அவற்றைப் பற்றிப் பற்றி மேலே கொணர்ந்து மனைவியின் கையில் ஒப்புவித்தார். மனிதன் சுதந்தரமாகக் கடலடியிற் புகுந்த அந்நாளிலேயே, புகுந்தவன் வெறுங்கையோடு திரும்பவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

அக்கோடையில் நண்பர் மூவரும் 500 முறைக்கு மேல் மூழ்கினர். போர் ஓய்ந்தபின் கடற்படையில் நீரடி ஆராய்ச்சிக் குழுவொன்று 1945-இல் நிறுவப்பட்டது. ஆயினும் புதுக்கருவி தன் விலையைக் கேளாதிருக்கவில்லை. 1946 ஆகஸ்டு மாதம் கூஸ்தோவும் தூமாவும் புரோவான்சு நாட்டின் வோக்ளூஸ் ஊற்றுக்குகையின் அடியைக் காண இறங்கினர். இருளிலும் குளிரிலும் இருவர்க்கும் அறிவு மழுங்கிற்று. தூமா வாய்க்குழாயையும் இழந்தார். மேலே கயிற்றைப் பிடித்திருந்த மோரீஸ் பார்கு என்பவர் நிலைமையை ஊகித்து விரைந்து இழுத்தமையால் இருவரும் பிழைத்தனர். காற்றழுத்தும் யந்திரம் தன் புகையையே உட்கொண்டு உருளைகளில் அடைத்திருந்தது என்பது பின்னர்த் தெரிந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், எவ்வளவு ஆழம் செல்லலாம் என்று காணும் சோதனையில் அந்தப் பார்கு 120 மீட்டர் இறங்கினார். அவ்வாழத்தில் தொங்கிய பலகையில் தம் கையெழுத்தை இட்டார், உயிரோடு மீளவில்லை. நண்பரைக் காத்த கையைக் காக்க நண்பர்க்கு இயலாது போயிற்று.

இன்று கடலடியிற் புகக் கற்போர்க்கு முதற்பாடமாக ஓதப்படும் விதிகள் இத்தகைய துன்பங்களால் எழுதப்பட்டவை. 10 மீட்டர் ஆழத்தில் நிறைந்த நுரையீரற் காற்று, மேலே வருங்கால் இருமடங்காக விரியும்; ஆதலின் ஏறும்போது மூச்சை அடக்கலாகாது. ஆழம் மிகுந்தால் காற்றிலுள்ள நைட்ரஜன் மதுப்போல மயக்கும். ஆதலின் வரையறுத்த ஆழத்தைக் கடத்தலாகாது. மேலே நேரே எழ வழியில்லாத குகையுட் புதியோர் செல்லலாகாது. புறத்து ஒளி தெரியும் வாயிலோடு நிற்றல் வேண்டும். தனியே இறங்கலாகாது. எளிய இடம் என்று கருதப்படுவதும் இவ்விதிகளைப் பேணுவோர்க்கே எளிது.

1950-ஆம் ஆண்டில் கூஸ்தோவுக்குக் கலிப்சோ என்னும் கப்பல் கிடைத்தது. போர்க்காலத்திற் கண்ணிவெடி வாருங் கப்பலாயிருந்த அதனைச் செல்வர் ஒருவர் வாங்கி, ஆண்டுக்கு ஒரு பிராங்கு வாடகைக்கு அளித்தார். அதன்பின் புகழ் வெள்ளம்போல் வந்தது. மௌன உலகம் என்னும் அவர் நூல் 1953-இல் வெளிவந்தது. அப்பெயரிலேயே லூயி மாலுடன் சேர்ந்து எடுத்த படம் 1956-இல் கான் நகரத் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. 1957-இல் மொனாக்கோ கடலாராய்ச்சிக் காட்சிசாலையின் தலைவரானார். 1962-இல் மார்சேல்சுக்கு அருகே 10 மீட்டர் ஆழத்தில் அமைத்த வீட்டில் அவர் தோழர் இருவர் ஒரு வாரம் வாழ்ந்துகாட்டினர்.

பரிசுபெற்ற அப்படத்தை இன்று காண்போர் மனம் நோவர். மீன்களை எண்ணும்பொருட்டுப் பவளப்பாரில் வெடிவைக்கின்றனர். கலிப்சோவின் சுழலிதழில் அடிபட்ட திமிங்கிலக் கன்றைச் சுறாக்கள் சூழ, மாலுமிகள் சினந்து அச்சுறாக்களைக் கப்பற்றளத்தில் இழுத்துக் கொல்கின்றனர். அக்காலத்து இதனைக் குற்றமென எண்ணியவர் சிலரே. கடல் குறைவுபடாத களஞ்சியம் என்பதே பொதுநம்பிக்கை. ஆனால் கூஸ்தோ ஒரே கரையை ஆண்டுதோறும் கண்டுவந்தவர். ஒரு காலத்தில் மனிதரை அஞ்சாது அணுகிய பெரிய கலவாய் மீன்கள் பாறைகளில் அருகிவருவதைக் கண்டார். இழுவலைகளும் நகரங்களின் கழிவும் அதற்குக் காரணமாயினும், ஈட்டித் துப்பாக்கியோடு நீருட் புகுந்தோர்க்கும் அதிற் பெரும்பங்கு உண்டு.

உண்மையைக் கண்டவர் அதனின்றும் ஒளிந்துகொள்ளவில்லை. 1960-இல் பிரெஞ்சு அணுசக்தி நிறுவனம் கதிரியக்கக் கழிவுகளை மத்தியதரைக் கடலில் எறியக் கருதியபோது, அரசாங்கத்தாரின் வெறுப்பையும் பாராட்டாது எதிர்த்து நின்றார். பொதுமக்களும் கிளர்ந்தெழ, அம்முயற்சி கைவிடப்பட்டது. 1973-இற் கடற்பாதுகாப்புக்கெனத் தம் பெயரால் ஒரு சங்கம் நிறுவினார். அவர் எடுத்த தொலைக்காட்சிப் படங்களின் போக்கும் மாறிற்று. வேட்டையின் வீரம் குறைந்து, உயிர்களின் வாழ்வும் அவற்றுக்கு நேர்ந்த கேடும் இடம்பெற்றன. எண்பதாண்டு நிரம்பிய முதுமையிலும், அந்தார்க்டிக் கண்டத்தைச் சுரங்கத் தொழிலினின்றும் காக்கும்பொருட்டு நாடுகள் பலவற்றிலும் கையொப்பம் திரட்டினார். அக்கண்டத்தில் சுரங்கம் தோண்டுதலைத் தடுக்கும் உடன்படிக்கை 1991-இல் மத்ரித் நகரிற் கையெழுத்தாயிற்று.

சொந்த வாழ்விற் பெருந்துயரும் அவரை விடவில்லை. தம் பணிக்கு வாரிசெனக் கருதிய இளைய மகன் பிலிப், 1979-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் லிஸ்பன் நகருக்கு அருகே கடல்விமான விபத்தில் மாண்டார். 1990-இற் சிமோன் அம்மையார் காலமானார். 1996 ஜனவரியிற் கலிப்சோ சிங்கப்பூர்த் துறையில் மோதுண்டு மூழ்கிற்று. 1997-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் கூஸ்தோவும் தமது 87-ஆம் வயதிற் பாரிசில் இறந்தார். பிறந்த சிற்றூரிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

தூலோனுக்குக் கிழக்கே போர்க்ரோ என்னும் சிறுதீவு உண்டு. 1963-இல் அத்தீவும் அதனைச் சூழ்ந்த கடலும் தேசியக் காப்பிடமாக்கப்பட்டன. பிரான்சின் மத்தியதரைக் கரையில் ஈட்டியாற் கலவாய் மீன் பிடித்தல் 1993-இல் தடுக்கப்பட்டது. இன்று அத்தீவின் பாறைகளுக்கிடையே, முதன்முறை மூழ்கும் இளைஞரும் பெருத்த கலவாய் மீன்களை அருகே காண்கின்றனர். அவர்கள் வாயிலுள்ள கருவி கூஸ்தோவும் கான்யானும் அமைத்ததன் வழித்தோன்றல். எதையும் தொடாது எதையும் எடாது மீளும் அவர்கள் ஒழுக்கமோ, கூஸ்தோ நெடுங்காலங் கழித்துத் தாம் கற்றுப் பிறர்க்கும் கற்பித்தது.

கருவியைக் கண்டுபிடித்தற்குக் கூர்த்த அறிவும் சில திங்களும் அவருக்குப் போதியவாயின. அதனை எவ்வாறு கையாளவேண்டும் என்று அறிவதற்கு வாழ்நாளிற் பெரும்பகுதி சென்றது. கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் நம் மாணவ நண்பர்கள் நாளை எத்துணையோ கதவுகளைத் திறக்கக்கூடும். திறக்கும் வன்மையோடு, உள்ளே இருப்பதைக் காக்கும் பொறுப்பும் தமதே என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்வாராயின், கூஸ்தோ முதுமையில் எய்திய தெளிவை இளமையிலேயே எய்தியவராவர்.