எண்ணெய்க் கேன் தூக்கிய எஞ்சினியர்

(இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்)

ஆண்டு மலர் என்றாலே எடிசன், ஜேம்ஸ் வாட், அப்துல் கலாம் வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்கும். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தால் நாம் முதலில் தொடுகிற பொருள் ஒன்று உண்டு. அந்த ஒன்றுக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட ஒரு மனிதரைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. அந்தப் பொருள் எண்ணெய். தாளிக்கிற எண்ணெய் இல்லை, மிஷினுக்கு விடுகிற மசகு எண்ணெய். அந்த மனிதர் எலைஜா மெக்காய்.

கனடா நாட்டில் ஒன்டாரியோ பகுதியில் உள்ள கோல்செஸ்டர் என்ற ஊரில் 1844-ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் கனடாக்காரர்கள் அல்லர். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். அங்கிருந்து தப்பி ஓடி வந்தவர்கள். அந்தக் காலத்தில் அடிமைகள் தப்பிப் போகும் ரகசிய வழிக்கு ‘அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு’ என்று பெயர். பேருதான் ரயில், தண்டவாளமும் கிடையாது, எஞ்சினும் கிடையாது. இரவில் நடந்து, பகலில் நல்ல மனசுக்காரர்கள் வீட்டில் ஒளிந்து, வீடு வீடாக வடக்கே போவதுதான் அந்த ரயில். பிடிபட்டால் சவுக்கடி, திரும்பவும் அடிமைத்தனம். அப்படி வந்த தம்பதிக்குப் பிறந்த பிள்ளை பின்னாளில் நிஜ ரயிலையே ஓட வைக்கப் போகிறான் என்று யாருக்குத் தெரியும்!

சிறுவயதிலேயே எலைஜாவுக்கு இயந்திரம் என்றால் உயிர். பதினைந்து வயதில், 1859-ல், பெற்றோர் அவரை ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோ நகரத்துக்கு அனுப்பி வைத்தார்கள். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் படிக்க அனுப்பவே எங்க வீட்டில் ஒரு வாரம் யோசித்தார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் அந்த அப்பா அம்மாவை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. தங்களுக்கே நேற்றுவரை சொந்தமில்லாத வாழ்க்கை. ஆனாலும் பிள்ளையை அட்லாண்டிக் கடலைத் தாண்டி அனுப்பினார்கள். அவர் அங்கே பயிற்சி முடித்து மெக்கானிக்கல் எஞ்சினியர் ஆனார்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். அதே 1859-ல்தான் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் டைட்டஸ்வில் என்னுமிடத்தில் எட்வின் டிரேக் கிணறு தோண்டி பெட்ரோலிய எண்ணெய் எடுத்தார். எடின்பரோவுக்கு அருகே பாத்கேட் என்ற ஊரிலோ, ஜேம்ஸ் யங் என்பவர் 1851 முதலே ஒருவகை நிலக்கரியிலிருந்து எண்ணெய் வடித்து விளக்குக்கும் இயந்திரத்துக்கும் விற்று வந்தார். அதாவது நம் ஆள் எஞ்சினியரிங் கற்ற காலமும், கனிம எண்ணெய் என்ற புதுச் சரக்கு சந்தைக்கு வந்த காலமும் ஒன்று.

அதற்கு முன்னே என்ன போட்டார்கள்? மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, திமிங்கில எண்ணெய், விளக்கெண்ணெய். நீராவியின் சூட்டில் கொழுப்பு சிதைந்து அமிலமாகும். அந்த அமிலம் சிலிண்டரையே அரிக்கும். மண்ணுக்கடியிலிருந்து வந்த எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை.

படித்து முடித்துத் திரும்பிய மெக்காய் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக்குப் போனார். 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்து சட்டப்படி அடிமை முறை ஒழிந்துவிட்டது. சட்டத்தில் ஒழிந்தது மனசில் ஒழியவில்லை. கையில் எஞ்சினியர் சான்றிதழ். ஆனால் கறுப்பு நிறத்தவருக்கு எஞ்சினியர் நாற்காலி தர ஆளில்லை. மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் கிடைத்தது ஃபயர்மேன் வேலை. எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போட வேண்டும், எண்ணெய் விட வேண்டும். டிப்ளமோ முடித்துவிட்டு ‘ஹெல்பர்’ வேலைக்குப் போய் நிற்கிற நம் சீனியர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும். நம்மிடம் நிறத்தைப் பார்க்கவில்லை என்றால் வேறு எதையோ பார்க்கிறார்கள்.

எண்ணெய் விடும் வேலை எப்படி இருக்கும் தெரியுமா? ரயில் கொஞ்ச தூரம் ஓடும். உடனே நிறுத்துவார்கள். ஆயிலர் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கி அச்சு, பேரிங், இணைப்புக் கம்பி என்று எஞ்சினைச் சுற்றி வந்து எண்ணெய் விட வேண்டும். பிறகு கிளம்பும், மறுபடி நிற்கும். ஓடும்போது எண்ணெய் தேவை. நின்றால்தான் விட முடியும். இதுதான் சிக்கல். இத்தனை எஞ்சினியர்கள் ஆபீசில் உட்கார்ந்திருக்க, அந்தச் சிக்கல் கேன் பிடித்த கையில்தான் உறைத்தது.

1872 ஜூலையில் மெக்காய் தம் முதல் பேட்டண்ட் வாங்கினார். நீராவி எஞ்சினுக்கான லூப்ரிகேட்டர். எண்ணெய்க் கிண்ணம் ஒன்று. அதன் வால்வைத் திறப்பது எஞ்சினுடைய நீராவியின் அழுத்தமே. நீராவி இருந்தால் எண்ணெய் இறங்கும், இல்லாவிட்டால் நிற்கும். மனிதன் இறங்க வேண்டியதில்லை. அந்த வருஷமே அவருடைய முதல் மனைவி இறந்துபோனார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கல்யாணமாகி நாலே வருஷம். 1873-ல் மேரி எலினோரா டிலேனி என்பவரை மணந்தார். 1882 வாக்கில் டெட்ராய்ட்டில் குடியேறினார்.

பிற்பாடு அவர் மேம்படுத்திய ஹைட்ரோஸ்டாட்டிக் லூப்ரிகேட்டர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, மேலே எண்ணெய் விட்டு, திரியை மிதக்கவிட்டு நம் வீடுகளில் விளக்கு ஏற்றுவார்களே, அந்தத் தத்துவம்தான்! நீராவி குளிர்ந்து தண்ணீராகி எண்ணெய்க் கலத்துக்குள் இறங்கும். தண்ணீர் கனம், அடியில் போய் உட்காரும். எண்ணெய் லேசு, மேலே எழும்பும். எழும்பிய எண்ணெய் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குப் போகும். எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்ததோ அவ்வளவு எண்ணெய் வெளியே போகும். பம்ப் இல்லை, மோட்டார் இல்லை.

சரியான எண்ணெய், சரியான இடம், அளவாக, விடாமல் — இந்த நான்கையும்தான் மெக்காய் ஐம்பது வருஷம் துரத்தினார். நம் வீடுகளில் நாம் கோட்டை விடுவதும் இதே நான்கில்தான். எங்க அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் தைக்கிறவர். எங்கள் தெருவில் பலபேர் மிஷினுக்குத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விடுவார்கள். தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்துவிடும். நல்லெண்ணெய் காற்றுப்பட்டு நாளடைவில் பிசின் மாதிரி ஒட்டும். தூசியையும் பஞ்சையும் பிடித்துக்கொள்ளும். பெடல் கனக்கும். அப்புறம் மெக்கானிக் வந்து கிருஷ்ணாயில் விட்டுக் கழுவித்தான் சரி பண்ணுவார். கடையில் விற்கிற தெளிவான மிஷின் ஆயில் கனிம எண்ணெய், அது பிசினாகாது. துளைக்கு ஒரு சொட்டு போதும். விட்டபின் பழைய துணியில் கொஞ்சம் தைத்து ஓட்டினால் மிச்சம் துணியில் போய்விடும்.

கடலூர் ஓ.டி. பக்கம் உப்புக்காற்றில் கதவுக் கீல் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதே மிஷின் ஆயில் இரண்டு சொட்டு விட்டால் கிரீச் சத்தம் நிற்கும். சைக்கிள் செயினுக்கு விட்டால் துடைத்துவிட வேண்டும், பிரேக் கட்டை பக்கம் போகவே கூடாது. அரிவாள்மனைக்கு மட்டும் வேண்டாம், வாயில் போகிற பொருளை அதில் நறுக்குகிறோம். பூட்டுக்கு எண்ணெயைவிட பென்சில் கரித்தூள் நல்லது. அது கிராஃபைட், தூசியைப் பிடிக்காது.

கிராஃபைட் என்றதும் ஞாபகம் வருகிறது. 1915-ல், எழுபது வயதைத் தாண்டிய மெக்காய், எண்ணெயோடு கிராஃபைட் தூளைக் கலந்து செலுத்தும் லூப்ரிகேட்டருக்குப் பேட்டண்ட் வாங்கினார். அப்போது வந்த சூப்பர்ஹீட்டர் எஞ்சின்களின் சூட்டில் வெறும் எண்ணெய் தாங்கவில்லை. தூள் கலந்தால் தாங்கியது. நம்ம ஊர் மாட்டுவண்டிக்காரர்கள் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு ‘வண்டி மை’ போட்டது இதற்குப் பெரியப்பா முறை! வைக்கோல் கரி கிராஃபைட் இல்லைதான். ஆனாலும் எண்ணெயும் கருப்புத்தூளும் சேர்ந்தால் அச்சில் நிற்கும் என்ற யோசனை ஒன்றே.

வீட்டுக்கென்றும் அவர் செய்திருக்கிறார். 1874-ல் மடக்கி வைக்கும் இஸ்திரி மேஜை. 1899-ல் புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவி. மொத்தம் ஐம்பத்தேழு பேட்டண்டுகள். இருந்தும் பணக்காரரானாரா? இல்லை. சொந்தமாகத் தொழிற்சாலை வைக்க முதல் இல்லாததால் பல உரிமைகளை மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். சாமான் ஓடியது, லாபம் அவர்களுக்குப் போனது. பல லூப்ரிகேட்டர்களில் அவர் பெயர்கூட இல்லை. இதுதான் எனக்கு ஆறவில்லை. அடிமையாக இருந்தவர்களின் மகன் உழைப்பு, இன்னொருத்தன் பெயரில்.

தம் பெயரில் ஒரு கம்பெனி அவர் தொடங்கியது 1920-ல், எழுபத்தாறாவது வயதில்! இரண்டே வருஷத்தில் மோட்டார் விபத்து. கணவன் மனைவி இருவருக்கும் அடி. மேரி பிழைக்கவில்லை. அந்த அடியிலிருந்து மெக்காய் எழவே இல்லை. உடம்பும் மனசும் தளர்ந்து, டெட்ராய்ட்டுக்கு அருகே எலோய்ஸ் என்ற மருத்துவ விடுதியில் 1929 அக்டோபர் 10-ஆம் தேதி காலமானார்.

2001-ல் அமெரிக்காவின் தேசிய கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது. 2012-ல் டெட்ராய்ட்டில் திறந்த பேட்டண்ட் அலுவலகக் கிளைக்கே அவர் பெயரை வைத்தார்கள். அவருடைய முதல் பேட்டண்டின் எண் 129843. அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் இன்டர்நெட்டில் அவருடைய வரைபடம் காசில்லாமல் கிடைக்கிறது. முதலாம் ஆண்டு எஞ்சினியரிங் டிராயிங் முடித்த யாராலும் அதைப் படிக்க முடியும். வால்வு எங்கே, நீராவி நுழைவது எங்கே என்று நீங்களே விரல் வைத்துப் பாருங்கள்.