கால்பந்து வாத்தியார் ரஹீம் சாகிப்



போன மாசம் நம்ம பசங்க கால்பந்துப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோத்துட்டு வந்தாங்க. அன்னிக்கு சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரே பேச்சு. சார் இத்தனை வருஷமா பயிற்சி கொடுக்கிறாரே, என்ன முன்னேற்றம் என்று சிலர் கேட்டார்கள். ஒரு பயிற்சியாளரை எப்படி எடை போடுவது? அதற்காகத்தான் இந்த முறை சுவர் இதழுக்கு இவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரி வழியாகப் போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால், ஓசூர், பெங்களூர் எல்லாம் தாண்டி ஐதராபாத் வரும். அந்த ஊரில் 1909-ஆம் ஆண்டு பிறந்தவர்தான் சையத் அப்துல் ரஹீம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கேயே கால்பந்தும் ஆடினார். படிப்பு முடிந்ததும் என்ன வேலைக்குப் போனார் தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்கு! அதனால்தான் அவர் பயிற்சியிலும் வகுப்பறை வாசனை இருந்தது.

ஐதராபாத் நகரப் போலீஸ் அணிக்கு அவர் பயிற்சியாளர் ஆனார். சாகும்வரை அந்த அணியை விடவில்லை. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஓடுவது அவருக்குப் பிடிக்காது. வந்த பந்தை உடனே அடுத்தவருக்குத் தள்ளணும். இதைப் பழக்குவதற்காக, வெட்டி வெட்டி ஓடவே கூடாது என்று விதி வைத்துத் தனிப் போட்டிகள் நடத்தினார். இன்னொரு போட்டியில் பலம் இல்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். வலது கால்காரன் இடது காலால்தான் ஆடணும்! முதலில் பார்த்தவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். ஆனால் பலன் கிடைத்தது. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருடம் பம்பாய் ரோவர்ஸ் கோப்பை அந்தப் போலீஸ் அணிக்கே!

அதே காலத்தில் இந்திய அணியும் அவர் கைக்கு வந்தது. 1951-இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினோம்.

அடுத்த வருடமே பெரிய அடி. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். நம்மவர்களில் பலர் குளிரில் வெறுங்காலோடு ஆடினார்கள். இந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது.

அன்றைக்கே ரஹீமை எடை போட்டிருந்தால் தேறாத வாத்தியார் என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் நான்கு வருடம் கழித்து என்ன நடந்தது பாருங்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியாதான். அரையிறுதியில் எதிரே வந்தது அதே யுகோஸ்லாவியா! முதல் கோல் போட்டதும் நாம்தான். கடைசியில் 4-1 என்று தோற்றோம். தோல்விதான். ஆனால் 10-1 எங்கே, 4-1 எங்கே! பிறகு பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் கிடைத்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த முறை முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் நாம் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனோம். அதாவது ஒரே ஒரு வெற்றியில் அரையிறுதி. அதனால் இடத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். 1960 ரோம் ஒலிம்பிக்கையும் சேர்த்துப் பார்க்கணும். அங்கே ஒரு ஆட்டம்கூட நாம் ஜெயிக்கவில்லை. ஆனால் பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தோம். அந்த முறை வெண்கலம் வாங்கிய ஹங்கேரியிடம் 2-1 என்றுதான் தோற்றோம். இடம் இறங்கியது, ஆட்டம் இறங்கவில்லை.

இனி கடைசி அத்தியாயம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். அந்த நிலையிலும் அணியோடு போனார். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றோம். தடுப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அவரை உட்கார வைக்காமல் ரஹீம் முன்வரிசையில் ஆட வைத்தார்! அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றோம்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். மறுபடியும் தென் கொரியா. அரசியல் தகராறு ஒன்றால் மைதானமே இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. பி.கே. பானர்ஜி ஒரு கோல், தையல் போட்ட தலையோடு ஜர்னைல் சிங் ஒரு கோல். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். 2-1 என்று தங்கம் நமக்கே!

அடுத்த வருடம், 1963 ஜூன் 11 அன்று ரஹீம் காலமானார். வயது 53 தான். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-இல்தான் தொடங்கியது. அவர் காலத்தில் அப்படி ஒரு விருதே இல்லை. 2024-இல் வந்த மைதான் இந்திப் படம் இவர் கதைதான்.

அவருக்குப் பிறகு? ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் 1970-இல் ஒரு வெண்கலம், அவ்வளவுதான். ஒலிம்பிக் கால்பந்துக்கு 1960-க்குப் பிறகு இந்திய ஆண்கள் அணி போகவே இல்லை. இதை வைத்து அவர் எவ்வளவு பெரியவர் என்று சொல்லலாம். இன்னொரு பக்கம், ஒரே மனிதரை நம்பியே எல்லாம் இருந்தால் அவர் போனதும் என்ன ஆகும் என்பதற்கும் இதுவே பாடம்.

நண்பர்களே! ஒரு தோல்வியை வைத்து யாரையும் எடை போட வேண்டாம். நேற்று எப்படித் தோற்றோம், இன்று எப்படித் தோற்கிறோம் என்று பார்ப்போம். சார் சொல்லிக் கொடுத்ததில் நாம் எதைப் பழகினோம் என்றும் பார்ப்போம். வலது கால்காரர்கள் நாளைக்கு இடது காலால் உதைத்துப் பாருங்கள். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்!

முயல்வோம்! வெல்வோம்!

– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்