மூளையின் வாயிலை முதலில் கண்டவர்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் வீட்டுப் பழமொழி. பண்டத்திற்கு மட்டுமன்று, உடம்பிற்கும் அது பொருந்தும். ஆயின், உடம்பில் உப்பு இருந்தால் மட்டும் போதாது. இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருத்தல் வேண்டும். மூளைக்குள் எவ்வளவு உப்பு புகலாம், எவ்வளவு புகலாகாது என்று இரவும் பகலும் காவல் புரியும் வாயில் ஒன்று நம் தலைக்குள் உண்டு. அந்தக் காவல் தளர்ந்தால் மூளை வீங்கும். மூளை வீங்கினால் உயிர் ஊசலாடும். அப்படி ஒரு வாயில் உண்டு என்பதற்கு முதல் அடையாளத்தைக் கண்டவர் பால் எர்லிக் என்னும் ஜெர்மன் நாட்டு மருத்துவர். அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

அந்தமானில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆதலால் எர்லிக்கின் வரலாறு எனக்கு அயலார் கதையாகத் தோன்றுவதில்லை. எங்கள் தீவுகளின் வரலாற்றில் பாதி, காய்ச்சலின் வரலாறு. 1789-ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு பிளேர் அமைத்த குடியிருப்பு, 1792-இல் வட அந்தமானில் உள்ள போர்ட் கார்ன்வாலிசுக்கு மாற்றப்பட்டது. அங்கே நோயும் சாவும் மலிந்தமையால் 1796-இல் அதனைக் கைவிட்டு ஓடினர். 1858-இல் கைதிகளைக் கொண்டு போர்ட் பிளேரில் மீண்டும் குடியேற்றம் தொடங்கியபோதும் மலேரியா அவர்களை விட்டபாடில்லை. 1911–12-இல் அங்கு ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ் என்னும் மருத்துவர், கடலோரத்து உவர்ச் சதுப்பில் வளரும் கொசுவே இதற்குக் காரணம் என்று காட்டினார். உவர்நீரிலும் பிழைக்கும் கொசு அது! 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின், தெற்கு அந்தமானில் நிலம் தாழ்ந்து நெல்வயல்களில் கடல்நீர் தேங்கியது. அக்கொசுவுக்குப் புதிய தொட்டில்கள் கிடைத்தன. போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் காய்ச்சல் என்றதும், நினைவு தெளிவாக இருக்கிறதா என்று முதலில் கேட்கும் எங்கள் பெரியவர்களின் வழக்கம் மாறவில்லை. மலேரியா மூளைக்கு ஏறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள்.

ஆய்வுக்கூடத்தில் செய்த வேதிப்பொருளை அந்த மலேரியாவுக்கு முதன்முதல் மருந்தாகக் கொடுத்தவரும் எர்லிக்தான். மூளையின் வாயிலுக்கு அடையாளம் கண்டதும், மலேரியாவுக்கு மருந்து கண்டதும் ஒரே வகைப் பொருளைக் கொண்டு. அப்பொருள், துணிக்கு நிறமேற்றும் சாயம்!

எர்லிக் 1854-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள், சிலேசியாவில் உள்ள ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவருடைய தாய்வழி உறவினர் கார்ல் வைகர்ட், நுண்ணுயிர்களுக்குச் சாயம் ஏற்றிக் காண்பதில் முன்னோடி. அவரிடமிருந்து சாயப்பித்து இவரையும் பற்றிக்கொண்டது. பாடங்களை ஒழுங்காகப் படிக்காமல், எந்நேரமும் விரல்களில் நீலமும் சிவப்புமாகத் திரிந்த மாணவர் இவர். இவன் தேர்வில் தேறப்போவதில்லை என்று ஆசிரியர்கள் எண்ணியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. எனினும் 1878-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வும் சாயத்தைப் பற்றியதே.

பின்னர் பெர்லின் நகரின் சாரிட்டே மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கேதான், 1885-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, விலங்குகளின் குருதியில் சாயங்களைச் செலுத்திப் பார்த்தார். எந்த உறுப்பு எவ்வளவு உயிர்வளியை வேண்டுகிறது என்று அறிவதே அவர் நோக்கம். ஈரல் நிறம் பெற்றது. சிறுநீரகம் நிறம் பெற்றது. தசையும் நிறம் பெற்றது. மூளையும் தண்டுவடமும் மட்டும் வெளுப்பாகவே நின்றன! ஊரெல்லாம் வெள்ளம் புகுந்தும் ஒரே ஒரு வீட்டுத் திண்ணை மட்டும் நனையாமல் இருந்தது போன்ற காட்சி அது.

ஏன் அப்படி? வீட்டைச் சுற்றி மதில் உண்டு என்று எர்லிக் எண்ணவில்லை. மூளைக்கு அச்சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் நாட்டமே இல்லை என்று முடிவு செய்தார். எந்தப் பொருள் எதனோடு ஒட்டும் என்பதே அவர் சிந்தனையின் உயிர்நாடி. ஆதலால் இதற்கும் அந்த விடையே அவருக்குத் தோன்றியது. கண்டது மெய், கொண்ட பொருள் பிழை. ஆனாலும் கண்டதைக் கண்டபடியே எழுதி வைத்தார். அதுவே பின்னால் பிறருக்குத் திறவுகோல் ஆயிற்று.

சாயங்களுள் மெதிலீன் நீலம் உயிருள்ள நரம்பில் நன்கு ஏறுவதை அவர் கண்டிருந்தார். மலேரியாக் கிருமியிலும் அது ஏறும். கிருமியில் ஏறும் சாயம் கிருமியைக் கொல்லவும் கூடுமோ? 1891-இல் பால் குட்மன் என்னும் மருத்துவரோடு சேர்ந்து பெர்லினில் மலேரியா நோயாளிகள் இருவருக்கு அதனைக் கொடுத்தார். இருவரும் நலம் பெற்றனர். அதுவரை மலேரியாவுக்குச் சின்கோனா மரப்பட்டையும் அதிலிருந்து எடுத்த குயினாவுமே கதி. மெதிலீன் நீலத்தை அடியாகக் கொண்டு, 1920-களில் ஜெர்மன் வேதியியலார் பிளாஸ்மோக்வின் என்னும் மருந்தை உருவாக்கினர். எங்கள் தீவுகளிலும் நாடெங்கும் இன்று கொடுக்கப்படும் பிரிமாக்வின் அவ்வழியில் வந்த பெயர்த்திதான்.

இதற்கிடையே எர்லிக்கை எலும்புருக்கி நோய் தாக்கியது. எகிப்து நாட்டின் வெப்பக் காற்றில் தங்கி உடல் தேறித் திரும்பினார். 1899-இல் பிராங்பர்ட் நகரின் ஆய்வுக்கழகத் தலைவரானார். நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றிய ஆய்வுக்காக 1908-இல் மெச்னிகோவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உடம்பைத் தீண்டாமல் கிருமியை மட்டும் வீழ்த்தும் மருந்தை அவர் மந்திரக் குண்டு என்று அழைத்தார். நாமாயின் இராமபாணம் என்போம். 1909-இல் ஜப்பானியரான ஹாட்டா, அவருடைய ஆய்வுக்கூடத்தில் 606 என்னும் எண்ணுடைய பொருளைச் சோதித்து, அது மேகநோய்க் கிருமியைக் கொல்வதைக் கண்டார். 1910-இல் அது சால்வர்சான் என்ற பெயரில் உலகெங்கும் சென்றது.

இங்கேதான் விதியின் விளையாட்டு. மேகநோய் மூளைக்குள் புகுந்துவிட்டால் சால்வர்சான் பெரும்பாலும் தோற்றது. அவர் இல்லையென்று எண்ணிய மதில், அவருடைய இராமபாணத்தையே தடுத்து நின்றது! அவரிடம் பயின்ற கோல்ட்மன் 1913-இல் ஒரு சோதனை செய்தார். சாயத்தைக் குருதியில் விடாமல், மூளையைச் சூழ்ந்த நீரில் விட்டார். இம்முறை மூளை நீலமாயிற்று; உடம்பு வெளுப்பாக நின்றது. மூளைக்குச் சாயத்தின்மீது வெறுப்பில்லை. நடுவே ஒரு தடை இருக்கிறது என்பது வெட்டவெளிச்சமாயிற்று. எர்லிக் 1915 ஆகஸ்டு 20-இல் காலமானார். பின்னாளில் நாசிகள், அவர் யூதர் என்பதற்காகத் தெருவுக்கு இட்டிருந்த அவர் பெயரையும் அகற்றினர். உலக மருத்துவத்திலிருந்து அதனை அகற்ற அவர்களால் இயலவில்லை.

அந்த மதில் எங்கே இருக்கிறது? 1967-இல் மின்னணு நுண்ணோக்கி விடை காட்டியது. மூளையின் மயிரிழைக் குருதிக்குழாய்களின் சுவரில் உள்ள உயிரணுக்கள், இடைவெளியின்றி இறுகப் பின்னிக் கிடக்கின்றன. உப்பு நீரில் கரைந்தால் சோடியம், குளோரைடு என்னும் மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரியும். அவற்றை அயனிகள் என்கிறோம். அவை அச்சுவரைத் தாமாகக் கடக்க இயலா. சுவரணுவின் குருதிப் பக்கத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றையும் சேர்த்து உள்ளே கொணரும் கடத்திகள் உண்டு. மூளைப் பக்கத்தில் சோடியத்தை வெளித்தள்ளும் இறைப்பிகள் உண்டு. அவ்விறைப்பியை டென்மார்க்கு அறிஞர் ஸ்கௌ 1957-இல் கண்டது, நண்டின் கால் நரம்பில்! மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளிழுப்பது அதன் தொழில்.

உப்பு போகும் வழியே நீரும் போகும். இந்த ஒரு வரியை நினைவிற் கொண்டால் மூளை வீக்கத்தின் மருமம் விளங்கிவிடும். குருதியோட்டம் தடைப்பட்டு உயிர்வளி குறைந்தால், மூளை அணுக்களின் இறைப்பிகள் ஓய்கின்றன, சோடியம் அணுவுக்குள் தேங்குகிறது, நீர் தொடர்கிறது. அதே வேளையில் சுவரணுக்களின் கடத்திகள் முன்னிலும் விரைந்து, குருதியிலிருந்து மூளைக்கு மேலும் சோடியத்தைக் கொணர்கின்றன. மதில் இடியுமுன்பே வாயில் வழியாக வெள்ளம் புகுகிறது. இது விலங்குகளில் செய்த சோதனைகளால் தெரியவந்தது. பின்னர் மதிலே கசியத் தொடங்கினால் புரதமும் நீரும் சேர்ந்து உள்ளே பாய்கின்றன. மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. மலேரியாவில், கிருமி தாங்கிய சிவப்பணுக்கள் மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு, ஓட்டத்தையும் தடுத்துச் சுவரையும் கெடுக்கின்றன.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 2015-இல் வெளியான மலாவி நாட்டு ஆய்வில், மூளை மலேரியாவால் இறந்த 25 குழந்தைகளுள் 21 பேருக்குச் சேர்க்கப்பட்டபோதே மூளை கடுமையாக வீங்கியிருந்தது. அப்படியானால் நீரை உறிஞ்சும் மானிட்டால் மருந்தைக் கொடுத்தால் என்ன? நம் நாட்டு ரூர்கேலாவில் மருத்துவர்கள் அதனைச் செய்து பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். வயது வந்த நோயாளிகளுள் 63 விழுக்காட்டினருக்கு மூளை வீங்கியிருந்தது. ஆயினும் மானிட்டால் பயன் தரவில்லை, மயக்கத்தையே நீட்டித்தது. மானிட்டால் நீரை இழுப்பதற்கு மதில் உறுதியாக நிற்க வேண்டும். கசியும் மதிலில் அம்மருந்தே உள்ளே இறங்கிவிடக்கூடும். வீக்கம் என்ற பெயர் ஒன்றே. அதன் வழியோ பல. எந்த வழியில் உப்பும் நீரும் புகுந்தன என்று அறியாமல் கொடுக்கும் மருந்து, குறி தெரியாமல் எய்த அம்பு.

குறியறிந்து எய் என்பதுதான் எர்லிக் வாழ்நாளெல்லாம் கற்பித்த பாடம். அவர் சொன்ன விளக்கம் முப்பதாண்டுக்குள் வீழ்ந்தது. அவர் கண்ட வெளுத்த மூளையோ இன்றும் நிற்கிறது. தோழர்களே, நம் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில், எதிர்பார்த்தபடி வராத முடிவை அழித்துவிட்டு, வர வேண்டியதை எழுதும் ஆசை நம்மில் பலருக்கு எழுவதுண்டு. அன்று எர்லிக்கும் நிறம் பெறாத அந்த உறுப்பைக் குறிக்காமல் விட்டிருந்தால், மதிலைத் தேடிக் கோல்ட்மன் போயிருக்கமாட்டார். ஊருக்குச் செல்லும்போது இன்னொன்றும் சொல்லுங்கள்: காய்ச்சலோடு நினைவு தடுமாறினால், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. வாயிலில் வெள்ளம் ஏறத் தொடங்கிய பின் ஒவ்வொரு நாழிகையும் விலைமதிப்புடையது.