டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார்

ஒரு நோய்க்குத் தீராத நோய் என்று பெயர் வந்துவிட்டால், அப்பெயரும் நோயோடு சேர்ந்து உயிரை வாங்கத் தொடங்குகிறது. தீராதென்று நம்புகிறவர் வைத்தியசாலைக்குப் போவதில்லை. போனாலும் காலங்கடந்து போகிறார். காலங்கடந்து போனவர் பிழைக்காதபோது, அது தீராத நோயே என்னும் எண்ணம் ஊராரிடத்தில் மேலும் உறுதிப்படுகிறது. இந்தச் சுழலை நமது மாகாணத்தில் முதன்முதலில் அறுக்கத் துணிந்தவர் ஒரு பெண்மணி. அவருடைய வாழ்க்கையை இன்று நமது வாசகர்களுக்கு நினைவூட்டுவது அவசியமென்று கருதுகிறோம்.

புதியம்புத்தூர் வாசகர்களை மனத்திற் கொண்டே இதை எழுதுகிறோம். மழையை நம்பிய கரிசல் பூமிக்கு நடுவே அவ்வூர் ஆயத்த ஆடைத் தொழிலால் பெயர் பெற்றிருக்கிறது. தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் குனிந்திருக்கும் பெண்கள் அங்கே பலர். ஒருநாட் கூலி போய்விடுமே என்றும், வெளியே சொன்னால் மகளுக்கு வரன் தட்டுமே என்றும், மார்பிலே தட்டுப்பட்ட கட்டியை மறைத்து வைக்கும் தாய்மார் கரிசற் சீமையில் மட்டுமின்றி நாடெங்கும் உளர். வலியில்லாத கட்டிதானே என்று அவர்கள் தேறுதல் கொள்கிறார்கள். வலியின்மைதான் அந்நோயின் வஞ்சகம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் வேண்டும்.

முத்துலக்ஷ்மி அம்மையார் 1886-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் மதிப்புப் பெற்றவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தால் அக்குலத்துப் பெண்கள் பட்ட துயரத்தை அவர் இளமையிலேயே கண்கூடாகக் கண்டார். மெட்ரிகுலேஷன் தேறிய பின் மகாராஜா கலாசாலையில் சேர அவர் விரும்பினார். ஆண்கள் படிக்குமிடத்தில் ஒரு பெண் சேருவதா என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதியளித்தார். ஓர் அரசர் காட்டிய அந்த நியாயபுத்தி பிற்காலத்தில் எத்தனை உயிர்களைக் காத்ததென்று எண்ணிப் பார்க்கத் தக்கது.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912-ல் பட்டம் பெற்றார். எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் முதற் பெண் ஹவுஸ் சர்ஜனாகவும் பணி செய்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டுமென்றும், தமது விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாதென்றும் முன்னதாகவே உறுதி பெற்றுக்கொண்டார். நூறு வருஷத்துக்கு முன் ஒரு பெண் தன் கலியாணத்திற்கு நிபந்தனை விதித்தாள் என்பதை நம் வீட்டு ஆண்மக்கள் கவனிக்க வேண்டும்.

இனி அவருடைய வாழ்க்கையின் பெருந் துக்கத்திற்கு வருவோம். அவருடைய தங்கைக்கு உடம்பு கெட்டது. சீதபேதி என்று கருதி வைத்தியம் நடந்தது. உண்மையில் அது குடலின் கடைப்பகுதியில் தோன்றிய புற்றுநோய். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா பட்டம் பெற்ற டாக்டராயிருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. இத்துக்கத்தை அம்மையார் விதியென்று விட்டுவிடவில்லை. நோயை முன்னதாகக் கண்டறியவும், அதற்கென்றே பயின்றவர்கள் சிகிச்சை செய்யவும் ஒரு தனி ஸ்தாபனம் இல்லாத குறையே காரணமென்று அவர் தெளிந்தார். அந்தத் தெளிவு செயலாவதற்கு ஏறக்குறைய முப்பது வருஷம் பிடித்தது.

1925-ல் பெண்கள், குழந்தைகள் வைத்தியத்தில் மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். புற்றுநோய்க்கென்றே அங்கு தனி ஆஸ்பத்திரி நடந்து வந்தமை அவர் மனத்திற் பதிந்தது. தாய்நாடு திரும்பியதும் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்று, 1927-ல் அதன் உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் கொண்டுவந்த தீர்மானத்தைத் தேசியவாதிகளுள்ளும் சிலர் எதிர்த்தார்கள் என்பதை மறைக்கலாகாது. அவர் தளரவில்லை. அவ்வழக்கத்தை முற்றும் ஒழிக்கும் சட்டம் 1947-ல் நிறைவேறிற்று. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் சிறைப்பட்டதும், தமது சட்டசபைப் பதவியை உதறி வெளியேறினார். பதவி போயிற்றே என்று அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவுமில்லை. ஆதரவற்ற பெண்களுக்கு ஒளவை இல்லத்தை நிறுவினார்.

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டுமென்னும் தமது கருத்தை அம்மையார் வெளியிட்டார். அப்போது சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் 1934-ல் தோன்றிய பர்னார்டு கதிரியல் நிலையம் இருந்தது. 1941-ல் பம்பாயில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தென்னாட்டிலோ இந்நோய்க்கென்று தனியாக ஒன்றுமில்லை. 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார்கள். சர்க்காரிடத்தில் உதவி வேண்டியபோது, புற்றுநோய் கண்டவர்கள் எப்படியும் இறப்பவர்களே, அவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்னும் பொருள்படவே மறுமொழி கிடைத்தது. சுதந்திரம் வந்த பின்னும் ஆளுவோர் மனத்தில் தீராத நோயென்னும் பழைய பெயர் குடிகொண்டிருந்ததை இது காட்டுகிறது. அம்மையார் பொதுஜனங்களை நாடினார். 1952-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி பிரதமர் நேரு அடையாற்றிலே அஸ்திவாரக் கல் நாட்டினார்.

1954-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி பன்னிரண்டே படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையம் வேலையைத் தொடங்கியது. அமெரிக்காவில் இந்நோய் வைத்தியத்தில் பயிற்சி பெற்று வந்த அம்மையாரின் குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி முன்னின்றார். சர்க்கார் உத்தியோகத்தை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021-ல் தமது உயிர் பிரியும் வரையில் அந்த ஸ்தாபனத்தையே வீடாகக் கொண்டார். சில வருஷங்களுக்குள், இந்தியாவில் முதன்முதலாகக் கோபால்ட் கதிர் இயந்திரம் அங்கு நிறுவப்பட்டது. நம் ஜனங்கள் கரண்டு வைப்பது என்று சொல்லும் சிகிச்சை அதுதான். மார்புப் புற்று முற்றிய நிலையில் வந்த பெண்களுக்கு, கத்தியை முதலில் எடுக்காமல், மருந்தும் கதிரும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பின்னர் அறுவை செய்யும் முறையை அடையாற்று டாக்டர்கள் வளர்த்தார்கள். 1968-ம் வருஷம் ஜூலை 22-ந் தேதி அம்மையார் காலமானார். பன்னிரண்டு படுக்கைகள் இன்று பல நூறாயிருக்கின்றன.

அம்மையாரின் பணி அவரோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இக்காலத்துச் சான்று ஒன்றைக் காட்டுவோம். அடையாற்றிலே 1981 முதல் நடந்துவரும் புற்றுநோய்ப் பதிவேடு, ஒரு காலத்தில் கருப்பைவாய்ப் புற்றுக்கு இருந்த முதலிடத்தைச் சென்னைப் பெண்களிடையே மார்புப் புற்று பிடித்துக்கொண்டதைக் காட்டுகிறது. அம்மார்புப் புற்றிலும் கொடிய வகை ஒன்று உண்டு. கட்டியிலிருந்து சிறு சதையை எடுத்துச் சோதிக்கும்போது மூன்று பொருள்களைத் தேடுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்னும் இரு ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இரண்டு. ஹெர்-2 என்னும் புரதம் மூன்றாவது. முன்னிரண்டில் ஒன்று இருந்தால் டாமாக்சிபென் போன்ற மாத்திரை உதவும். ஹெர்-2 மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் என்னும் ஊசி உதவும். மூன்றும் இல்லாத வகையை டிரிபிள் நெகட்டிவ் என்கிறார்கள். மேனாடுகளில் மார்புப் புற்றில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து இவ்வகை. இந்திய ஆராய்ச்சிகளிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இது இளவயதினரை அதிகமாகப் பற்றுகிறது, விரைந்து வளர்கிறது.

இல்லை என்னும் சொல் மூன்று முறை எழுதிய காகிதத்தைக் கையில் வாங்கும் குடும்பத்தார், மருந்தே இல்லை என்று பொருள் செய்து கொள்கிறார்கள். அது முற்றும் தவறு. கீமோ என்று வழங்கும் மருந்துக்கு இவ்வகைக் கட்டிகள் பல சமயங்களில் நன்கு இணங்குகின்றன. சிறு கட்டியாயின் அறுவையை முதலிலும், பெரிதாயின் மருந்தை முதலிலும் வைக்கிறார்கள். அறுவை நாளுக்குள் கட்டி முற்றும் கரைந்தவர்களுக்கு எதிர்காலம் நல்லதாக அமைகிறது. கரையாது எஞ்சியவர்களுக்குக் காபசிடபைன் மாத்திரையைத் தொடர்வது உண்டு. திரும்ப வருமானால் பெரும்பாலும் முதற் சில வருஷங்களிலேயே வருகிறது. ஐந்து வருஷம் கடந்தவருக்கு அபாயம் வெகுவாகக் குறைகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்து, முற்றிப் பரவாத நிலையிலும் கொடுக்க 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கீமோவோடு அதையும் சேர்த்துப் பெற்றவர்களுள் ஐந்து வருஷம் உயிரோடிருந்தோர் நூற்றுக்குச் சுமார் 82-லிருந்து 87 ஆக உயர்ந்ததாக 2024-ல் தெரிய வந்தது. பிராக்கா என்னும் மரபணுக் குறை உள்ளவர்களுக்கு ஓலபாரிப் மாத்திரை பயன்படுகிறது. நோய் பரவியவர்களுக்கும் சாசிடுசுமாப் கோவிடெகான் என்னும் மருந்து, சராசரி ஆயுளை ஏழு மாதத்திற்குட்பட்ட நிலையிலிருந்து பன்னிரண்டு மாதமாக நீட்டியிருக்கிறது.

ஆயினும் இவற்றுட் பல விலையால் ஏழைக்கு எட்டாதவை. நாலெழுத்துப் படித்த குடும்பங்களும் நிலத்தை விற்றாலன்றி வாங்க முடியாதவை. இவ்விடத்தில்தான் நமது நாட்டு ஆராய்ச்சியின் பெருமை விளங்குகிறது. காப்புரிமை கழிந்து மலிவாகக் கிடைக்கும் கார்போபிளாட்டின் என்னும் பழைய மருந்தை, அறுவைக்கு முந்திய கீமோவோடு சேர்த்துப் பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியார் 720 பெண்களிடத்தில் சோதித்தார்கள். ஐம்பது வயதுக்குட்பட்டோருள் ஐந்து வருஷம் பிழைத்திருந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப் பேர் அதிகமென்று 2022-ல் வெளியிட்டார்கள். விலையுயர்ந்த பெம்ப்ரோலிசுமாபை மிகக் குறைந்த அளவிற் கொடுத்தாலும் பலனுண்டா என்று டில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். புதியம்புத்தூருக்கு அருகிலுள்ள ஒட்டப்பிடாரத்திலே பிறந்த சிதம்பரம் பிள்ளை அந்நியர் கப்பலுக்குப் போட்டியாகச் சுதேசிக் கப்பல் விட்டார். இன்று அந்தத் துணிவு மருந்துத் துறைக்கு வேண்டும். இத்தகைய ஆராய்ச்சிகளுக்குச் சர்க்கார் தாராளமாகப் பொருளுதவ வேண்டுமென்றும், புதிய மருந்துகளை இன்ஷூரன்ஸ் திட்டத்திலும் பொது ஆஸ்பத்திரியிலும் ஏழைக்குக் கிடைக்கச் செய்ய வேண்டுமென்றும் கேட்பது பொதுவாழ்வில் ஈடுபட்டவர்களின் கடமையாகும்.

நமது வாசகர்கள் வீட்டிலிருந்தே செய்யத்தக்கனவும் உண்டு. மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி தோன்றினால், வலியிருப்பினும் இல்லாவிடினும், வயது இருபத்தைந்தாயினும் ஐம்பதாயினும், டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலான கட்டிகள் புற்றல்ல. அதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். புற்றென்றால் மூன்று ஏற்பிகளின் முடிவையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். மூன்றும் இல்லையென்றால் பிராக்கா சோதனையைப் பற்றியும் கேட்க வேண்டும். அக்குறை தாய்வழியில் மட்டுமன்றித் தந்தைவழியிலும் மகளுக்கு வருமாதலால், இது பெண்கள் சமாசாரமென்று ஆண்கள் விலகி நிற்க நியாயமில்லை. முடி உதிர்கிறது, கூலி போகிறது என்று கீமோவைப் பாதியில் நிறுத்த விடலாகாது. ஊர்த் தொண்டர்கள் கூட்டம் போடுவதோடு நில்லாமல், அப்பெண்ணோடு துணைக்குப் பஸ்ஸேறிச் செல்லட்டும். அவள் சிகிச்சை பெறும் மாதங்களில் தையற்கூலி நின்ற வீட்டில் உலை நில்லாதபடி பார்த்துக் கொள்ளட்டும்.

தங்கையை இழந்த அம்மையார் தமக்கு நேர்ந்தது பிறர்க்கு நேராதிருக்க முப்பது வருஷம் பாடுபட்டார். அவர் எழுப்பிய கட்டிடத்திற்குத் தக்க காலத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைவிட அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை வேறொன்றில்லை.