பாறையைத் தேடி வந்தவர்

குருமண்வெளித் துறையில் பாதையில் ஏறி வாவியைக் கடந்தால் மண்டூர். கந்தசுவாமி கோயிலைத் தாண்டி மேற்கே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்தான். அந்தப் படுவான்கரையில் வாப்பா குத்தகைக்குச் செய்யும் வயல் ஒன்று உண்டு. சென்ற பெரும்போக அறுவடைக்கு நானும் கூடப் போயிருந்தேன். வயலோரத்தில் யானை படுத்திருப்பது போல ஒரு கரும்பாறை. உயர்தரத்திற்குப் புவியியல் படிப்பவள் அல்லவா? கிழக்கிலங்கையின் பாறைகள் விஜயன் தொகுதியைச் சேர்ந்தவை என்று படித்தது நினைவுக்கு வர, கைத்தொலைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், பாறையின் ஓரத்தில் ஒரு வயதான அம்மா சுளகால் நெல் புடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். படம் எடுக்கும்போது அவரை நான் காணவேயில்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன், பாறைகளை ஆராய்வதற்கென்றே இலங்கைக்கு வந்து, பாறையின் அருகில் நின்ற மனிதரையும் கண்டுகொண்ட ஒருவர் இருந்தார். இன்று உலகம் அவரைக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்று போற்றுகிறது. அவர் ஒரு புவிச்சரிதவியலாளர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவருடைய ஆய்வுப் பயணத்தில் கமராவைத் தூக்கிச் சென்றவர் யார் என்பது அதைவிடக் குறைவான பேருக்கே தெரியும். அந்தக் கதையைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய சட்டத்தரணி. கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் இங்கிலாந்தில் பாரிஸ்டராக ஏற்றுக்கொள்ளப்பட்டது அவரோடுதான் தொடங்கியது. இலங்கைச் சட்டசபையிலும் அவர் அங்கம் வகித்தார். தேசத் தலைவர்களான சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் பிள்ளைகள். தாய் எலிசபெத் கிளே பீபி இங்கிலாந்தைச் சேர்ந்தவர்.

குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் தாய் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பின்னால் வர இருந்த தந்தை 1879 மே மாதம் கொழும்பில் காலமானார். கப்பல் ஏற வேண்டியவர் கபனுக்குப் போனார் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். தந்தையின் முகம் நினைவில் பதியாத பிள்ளையாக, தந்தையின் நாட்டையும் மொழியையும் அறியாதவராக, ஆனந்தர் ஆங்கிலச் சூழலிலேயே வளர்ந்தார். விக்கிளிஃப் கல்லூரியில் பயின்று, பின்னர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்த காலத்திலேயே இலங்கையின் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார். தந்தையின் நாட்டை அவர் முதலில் அறிந்தது கற்களின் வழியாகத்தான்.

1902இல் எதெல் மேரி பார்ட்ரிட்ஜ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்துகொண்டு, விரைவிலேயே மனைவியோடு இலங்கைக்கு வந்தார். 1903இல் தொடங்கிய இலங்கைக் கனிய ஆய்வுப் பணிக்கு அவரே முதற் பணிப்பாளர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறுகூட நிறையவில்லை. 1906 வரை நாட்டின் பல பகுதிகளிலும் அலைந்து, எங்கே என்ன கல், எந்த ஆற்று மணலில் என்ன கனியம் என்று பதிவு செய்தார்.

அந்த உழைப்பு வீண்போகவில்லை. அவரும் பிரயர் என்ற அறிஞரும் சேர்ந்து 1903இல் ஒரு புதிய கனியத்தை உலகுக்கு அறிவித்தார்கள். அதன் பெயர் செரண்டிபைற்று. நம் முன்னோரான அரபு வணிகர் இந்தத் தீவை அழைத்த செரண்டிப் என்ற பெயர் அந்தக் கல்லில் இன்றும் வாழ்கிறது. 1904இல் சப்ரகமுவப் பகுதியின் இரத்தினக்கல் மண்ணிலிருந்து கிடைத்த, எடை மிகுந்த கறுப்புக் கனியம் ஒன்றை அவர் இனங்கண்டார். முதலில் அதை யுரேனியக் கனியம் என்றே அவர் கருதினார். இங்கிலாந்தில் சோதித்தபோது அதில் தோரியம் நிறைந்திருப்பது தெரியவந்தது. அதனால் அது தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. பெற்றோல்மக்ஸ் விளக்கின் மென்டிலை வெள்ளையாக ஒளிவிடச் செய்ய முன்பு தோரியம் பயன்பட்டது. 1905இல் ஒட்டோ ஹான் என்ற ஜேர்மனிய விஞ்ஞானி லண்டனில், ஆனந்தர் படித்த அதே கல்லூரியின் ஆய்வுகூடத்தில், இலங்கையின் தோரியனைற்றிலிருந்து புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார். இலங்கைக் கனியங்கள் பற்றிய ஆய்வுகளுக்காக லண்டன் பல்கலைக்கழகம் ஆனந்தருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

அந்தக் காலத்தில் அறியாத நிலத்தை ஆராயப் போனவர்கள் சுத்தியலோடு கமராவையும் கொண்டுபோகத் தொடங்கியிருந்தார்கள். ஆனந்தர் இலங்கையில் பணியைத் தொடங்கிய அதே வேளையில், கப்டன் ஸ்கொட்டின் டிஸ்கவரிக் குழு அந்தாட்டிக்காவில் இருந்தது. அக்குழுவின் புவிச்சரிதவியலாளர் ஹார்ட்லி ஃபெரார் பனியாறுகளின் ஓரத்துப் பாறை அடுக்குகளை ஆராய்ந்தார். குழுவினர் பனிமலைகளையும் பாறைகளையும் படமாக்கினார்கள். ஸ்கொட்டின் அடுத்த பயணத்தில், 1910இலிருந்து 1912 வரை, ஹேர்பேட் பொன்டிங் என்பவர் கமராவோடு சென்றார். இத்தகைய பயணங்களில் அப்போது பெரும்பாலும் கண்ணாடித் தகட்டில்தான் படம் எடுப்பார்கள். கடுங்குளிரில் கமராவின் உலோகப் பகுதியில் வெறுங்கை பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். இங்கே வெப்பவலயத்திலோ வேறு தொல்லை. புழுக்கத்தில் தகட்டின் பூச்சு இளகும், பூஞ்சணம் பிடிக்கும். குளிரானாலும் வெப்பமானாலும் ஒரு தகடு உடைந்தால் ஒரு காட்சி உலகிலிருந்து போய்விடும்.

தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912இல் ஸ்கொட்டும் தோழர்களும் இறந்தபோது, அவர்களின் சறுக்குவண்டியில் ஏறத்தாழ 16 கிலோ கற்கள் இருந்தன. நடக்க முடியாத நிலையிலும் அவற்றை அவர்கள் வீசிவிடவில்லை. அவற்றில் குளோசொப்டெரிஸ் என்ற பழங்காலத் தாவரத்தின் இலைச் சுவடு இருந்தது. அதே தாவரத்தின் சுவடுகள் இந்தியாவிலும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் அந்தாட்டிக்காவும் ஒருகாலத்தில் கொண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்தன என்பதற்கு அதுவும் ஒரு சான்றாயிற்று. இலங்கையின் பழம்பாறைகளுக்கு ஒத்த பாறைகள் அந்தாட்டிக்காவின் கரையில் இருப்பதாகப் புவிச்சரிதவியலாளர் சொல்கிறார்கள். ஆக, ஃபெராரும் ஆனந்தரும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளைத் தட்டிப் பார்த்தவர்கள் எனலாம்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. அங்கே பாறைக்கு மேல் பனி. இங்கே பாறைக்கு மேல் மனிதர்.

கனியம் தேடிக் கண்டி நாட்டுக் கிராமங்கள் வழியே போகும்போது, ஆனந்தரும் எதெலும் குயவரையும் நெசவாளரையும் கொல்லரையும் அரக்கு வேலை செய்வோரையும் விகாரைச் சுவர்களில் சித்திரம் தீட்டுவோரையும் கண்டார்கள். 1815இல் கண்டி அரசு வீழ்ந்த பின் அந்தக் கைவினைஞரைத் தாங்குவார் இல்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த மலிவான துணியும் பாத்திரமும் சந்தையை நிறைத்தன. தகப்பன் அறிந்ததை மகன் கற்கவில்லை. கல் கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்திருக்கும், கைத்தொழில் ஒரு தலைமுறை தவறினால் போய்விடும் என்பதை ஆனந்தர் உணர்ந்தார். நாட்டவர் தம் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்ற நோக்கோடு உருவான இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவரானார். கனியங்களைப் பதிவு செய்த அதே ஒழுங்கோடு கைவினைகளையும் பதிவு செய்தார். எந்த மரம், எந்தச் சாயம், எந்தக் கருவி, எந்த முறை என்று ஒன்றும் விடாமல் குறித்தார்.

அவர் எழுதினார், எதெல் படம் பிடித்தார். கனத்த கமராவையும் கண்ணாடித் தகடுகளையும் கொண்டு சென்று, கைவினைஞரையும் அவர்கள் ஆக்கிய பொருள்களையும் எதெல் பதிவாக்கினார். இங்கிலாந்துக்குத் திரும்பிய பின் 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் வெளிவந்தது. வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கை அச்சியந்திரத்தில் ஓராண்டுக்கு மேலாக அச்சிடப்பட்ட அந்நூலின் பிரதிகள் 425 மாத்திரமே. அதிலுள்ள ஒளிப்படங்களில் பெரும்பாலானவை எதெல் எடுத்தவை. ஆனால் நூலாசிரியராக நிற்பது கணவரின் பெயர் ஒன்றுதான். கண்டிக் கைவினைகளை ஆராய்வோருக்கு அந்நூல் இன்றும் ஓர் அடிப்படை. அந்தக் கைகள் எப்படி வேலை செய்தன என்பதை நாம் காண்பது ஒரு பெண்ணின் கண்ணால்.

சில ஆண்டுகளில் அவர்களின் இல்வாழ்வு முறிந்தது. எதெல் துவண்டுவிடவில்லை. இலங்கையில் பார்த்த நெசவும் இயற்கைச் சாயமும் அவர் மனத்தில் ஊறியிருந்தன. தறியில் அமர்ந்தார், தாவரச் சாயங்கள் பற்றி நூல் எழுதினார், பலருக்குக் கற்பித்தார். எதெல் மெய்ரே என்ற பெயரில் இங்கிலாந்தின் கைநெசவுக்குப் புத்துயிர் கொடுத்தவராகப் புகழ்பெற்றார். மருதமுனையில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த தோழியருக்கு இந்தச் செய்தி மகிழ்ச்சி தரும் என்று நம்புகிறேன்.

ஆனந்தர் இந்தியாவெங்கும் பயணம் செய்து ஓவியங்களையும் சிற்பங்களையும் திரட்டினார். 1917இல் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலை, இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. அங்கே முப்பது ஆண்டுகள் பணியாற்றி, கீழைத்தேயக் கலையை மேற்குலகம் மதிக்கும்படி எழுதினார். கமராவின் மீதிருந்த ஈடுபாடும் அவரை விட்டுப் போகவில்லை. தாமும் படங்கள் எடுத்தார். ஒளிப்படத்தைக் கலையென்று பெரிய நூதனசாலைகள் ஏற்கத் தயங்கிய காலத்தில், 1924இல் அல்பிரட் ஸ்டீகிளிட்ஸ் என்ற ஒளிப்படக் கலைஞரின் 27 படங்களைத் தம் நூதனசாலைக்குப் பெற்றுக்கொடுத்தார். சுதந்திர இலங்கையைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி, எழுபது வயதில், அமெரிக்காவிலேயே அவர் உயிர் பிரிந்தது. கொழும்பில் ஒரு வீதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் வாழ்வைப் படித்து முடித்தபோது எனக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றின. விஞ்ஞானம் படிப்பவருக்குக் கலை எதற்கு, கலை படிப்பவருக்கு விஞ்ஞானம் எதற்கு என்று நாம் பிரிவு பிரிவாக வேலி போட்டுக்கொள்கிறோம். கல்லை உற்றுப் பார்க்கப் பழகிய கண்தான் ஒரு குயவனின் விரலையும் உற்றுப் பார்த்தது என்பதை ஆனந்தர் காட்டினார். இது முதலாவது.

இரண்டாவது, பெயர் பற்றியது. பார்த்தவரும் பதிந்தவரும் செய்தவரும் ஆக மூவர் சேர்ந்தே ஒரு பதிவு உருவாகிறது. அதில் ஒருவர் பெயர் மட்டும் பெரிதாக நிலைக்கிறது. எதெலின் பெயரைத் தேடியாவது கண்டுபிடிக்கலாம். அந்தப் படங்களில் குனிந்து வேலை செய்யும் எத்தனையோ பேரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கப்போவதில்லை.

என் கைத்தொலைபேசியில் அந்த மண்டூர்ப் படம் இன்னும் இருக்கிறது. பாறைக்கு விஜயன் தொகுதி என்று பெயர் சொல்ல எனக்குத் தெரிகிறது, சுளகோடு நிற்கும் அம்மாவின் பெயர் தெரியவில்லை. அவரிடம் கேளாமலே அவரைப் படத்தில் அடைத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்பதும் உறுத்துகிறது. அடுத்த அறுவடைக்கு வாப்பாவோடு பாதை ஏறும்போது அந்தப் படத்தைக் கழுவிக் கையில் கொண்டுபோவேன். அதை அவரிடம் கொடுத்து, பெயரைக் கேட்டு, என்னிடமுள்ள பிரதியின் பின்புறத்தில் எழுதி வைப்பேன், இன்ஷா அல்லாஹ்.