பூட்டு செய்த தச்சர்



போன வருஷம் எங்கள் வீட்டு முன்கதவைக் கரையான் அரித்துவிட்டது. புதுக் கதவில் பாதிக்குக் கண்ணாடி வைத்தால் கூடத்துக்கு வெளிச்சம் வருமே என்று அம்மாவுக்கு ஆசை. அப்பாவுக்கோ அடிக்கடி நைட் ஷிப்ட். அம்மாவும் தங்கச்சியும் தனியாக இருக்கிற வீடு. மெக்கானிக்கல் படிக்கிறவன் நீதானே என்று பூட்டு, கண்ணாடி இரண்டையும் அப்பா என் தலையில் கட்டிவிட்டார். ஹார்டுவேர் கடையில் போய் நின்றால் அத்தனை வகைப் பூட்டு! திருதிருவென்று முழித்துவிட்டுத் திரும்பி, நம்ம லைப்ரரியில் தேடினேன். அங்கே அகப்பட்டவர்தான் ஜோசப் பிராமா. ஹைட்ராலிக் பிரஸ் பாடத்தில் வருகிறாரே, அவரேதான்!

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் 1748-இல் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர் பிராமா. 16 வயதில் காலில் அடிபட்டது. இனி ஏர் பிடிக்க முடியாது என்றானதும் தச்சு வேலை பழகினார். லண்டனுக்குப் போய் அலமாரி, மேஜை செய்து பிழைத்தார். கழிவறைகளைப் பொருத்தும் வேலையும் வந்தது. அதில் வால்வு சரியில்லை என்று கண்டு, திருத்தி, 1778-இல் காப்புரிமை வாங்கினார்.

அடுத்தது பூட்டு. 1784-இல் அவர் காப்புரிமை பெற்ற பூட்டில் சாவி ஒரு சின்னக் குழாய். அதன் நுனியில் வெவ்வேறு ஆழத்தில் வெட்டுகள். உள்ளே ஸ்பிரிங்கை எதிர்த்து நிற்கும் மெல்லிய ஸ்லைடர்கள். சாவி அழுத்தும்போது ஒவ்வொன்றும் தனக்குரிய ஆழத்துக்கு இறங்கினால்தான் உருளை திரும்பும். ஒன்று துளி கூடினாலும் குறைந்தாலும் திரும்பாது!

வரைந்துவிடலாம், செய்வது யார்? கையால் அரம் போட்டால் கட்டுப்படியாகாது. 1789 வாக்கில் ஹென்றி மாட்ஸ்லி என்ற 18 வயதுப் பையனை வேலைக்கு எடுத்தார். நம்ம வயசுதான்! பூட்டின் பாகங்களைச் செய்யவே தனி எந்திரங்கள் அமைத்தான் அந்தப் பையன். 1790-இல் 18 ஸ்லைடர் கொண்ட பூட்டு ஒன்று பிக்கடில்லி கடை ஜன்னலில் வைக்கப்பட்டது. சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு. அறுபது வருஷத்துக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் போராடித் திறந்தார். அதற்குள் பிராமா இறந்து கிட்டத்தட்ட 37 வருஷம் ஆகியிருந்தது.

1795-இல் ஹைட்ராலிக் பிரஸ் வந்தது. ஆனால் 1797-இல் ஒரு காரியம் நடந்தது. ஃபோர்மேனாகிவிட்ட மாட்ஸ்லிக்கு வாரச் சம்பளம் 30 ஷில்லிங். குடும்பம் பெருகவே கூட்டிக் கேட்டார். பிராமா முடியாது என்றுவிட்டார். மாட்ஸ்லி வெளியேறித் தனிப் பட்டறை போட்டார். துல்லியமாக மரை வெட்டும் லேத்துக்குப் பேர்போன அந்த மாட்ஸ்லியிடம் பிற்பாடு வேலை செய்தவர்தான், நாம் பி.எஸ்.டபிள்யூ. மரை என்று படிக்கிறோமே, அந்த விட்வொர்த். உலகமே மெச்சிய பூட்டைச் செய்தவர், அதைச் செய்த கைகளைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை!

கடைசிவரை பிராமா சும்மா இருக்கவில்லை. ஹாம்ப்ஷயர் காட்டில் தன் பிரஸ்ஸால் மரங்களை வேரோடு பிடுங்கும் வேலையை மேற்பார்த்தபோது சளி பிடித்து, நிமோனியாவாகி, 1814 டிசம்பர் 9 அன்று காலமானார்.

இதைப் படித்தபின்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நம்மூர்த் திருடன் 51 மணி நேரம் பூட்டோடு மல்லுக்கட்டுவானா? கண்ணாடியைத் தட்டி, கையை விட்டு, உள்பக்கக் குமிழைத் திருகிவிடுவான். அதனால் குமிழ் வைத்த நைட் லாட்ச் வேண்டாம் என்றேன். இரண்டு பக்கமும் சாவி போடுகிற லீவர் பூட்டு வாங்கினோம். டஃபன்டு கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிடப் பலமானது. உடைந்தாலும் பொடிப்பொடியாக உதிர்வதால் கை கால் கிழியாது. ஆனால் உதிர்ந்ததும் வழி திறந்துவிடுமே! லேமினேட்டட் கண்ணாடியில் நடுவே பிளாஸ்டிக் படலம் இருப்பதால், விரிசல் விட்டாலும் சட்டத்திலேயே ஒட்டி நிற்கும். விலை கூடத்தான், இருந்தாலும் அதையே போட்டோம். அதையும் பூட்டுக்கு எட்டாமல், கீல் பக்கமாக ஆசாரி பொருத்தினார். ராத்திரி தீ, கீ என்றால் உடனே வெளியே ஓட வேண்டுமே? உள்சாவி கண்ணாடிக்கு எட்டாத ஆணியில், தங்கச்சிக்குக்கூடத் தெரிந்த இடத்தில் தொங்குகிறது.

நாளைக்கு நம்மில் சிலர் பட்டறை வைப்போம், சிலர் சூப்பர்வைசர் ஆவோம். பூட்டு வாங்கும்போது பக்கத்துக் கண்ணாடியையும் பாருங்கள். வேலை வாங்கும்போது பக்கத்தில் நிற்கிற மாட்ஸ்லியையும் பாருங்கள், நண்பர்களே!