கலாநிதிப் பட்டம் இல்லாத விஞ்ஞானி

பரீட்சைக் காலத்திலோ ஒரு காய்ச்சல் வந்துபோன பிறகோ நம்மில் சிலருக்கு உதட்டோரம் சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பும். முதலில் அந்த இடம் சுருசுருவென்றிருக்கும். பிறகு கொப்புளம், அதன் பின் பொருக்கு. பாமசியில் இதற்கு அசைக்ளோவிர் என்ற பூச்சு மருந்தைச் சிறு குழாயில் தருவார்கள். அந்த மருந்து வந்த வழியைத் தேடினால் ஜெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணியின் வாழ்க்கையை அறிய நேரும்.

1918ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் திகதி நியூயோர்க் நகரில் அவர் பிறந்தார். தந்தை லித்துவேனியாவிலிருந்து குடியேறிய பல் வைத்தியர். 1929இல் பங்குச் சந்தை சரிந்தபோது குடும்பத்தின் செல்வமும் போயிற்று. எலியனுக்கு 15 வயதானபோது, அவர் மிகவும் நேசித்த பாட்டனார் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். அந்த வேதனையைக் கண்ணால் கண்டவர் இரசாயனவியல் படிப்பதென்று முடிவு செய்தார். கட்டணம் அறவிடாத ஹண்டர் மகளிர் கல்லூரி இருந்திராவிட்டால் அந்த முடிவு ஆசையோடு நின்றிருக்கும்.

1937இல், 19 வயதில், மிகச் சிறந்த சித்தியுடன் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு 15 இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒரு நேர்முகப் பரீட்சையில், பெண்ணொருத்தி இருந்தால் ஆய்வுகூடத்தில் மற்றவர்களின் கவனம் சிதறும் என்று காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். சம்பளமில்லாமலே ஓர் ஆய்வுகூடத்தில் சேர்ந்து வேலை பழகினார். பகலில் பாடசாலையில் படிப்பித்து, இரவிலும் வார இறுதியிலும் ஆய்வு செய்து 1941இல் முதுமாணியானார். அதே ஆண்டு, அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர் இருதயத்தில் ஏற்பட்ட பக்டீரியாத் தொற்றால் காலமானார். சில ஆண்டுகள் கழித்துப் பரவலாகக் கிடைத்த பென்சிலின் அப்போது இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும். எலியன் பின்னர் மணம் முடிக்கவேயில்லை.

யுத்தம் ஆண்களை அழைத்துக்கொண்டபோதுதான் ஆய்வுகூடக் கதவுகள் பெண்களுக்குத் திறந்தன. ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலையில் தொடங்கியவர், 1944இல் பரோஸ் வெல்கம் மருந்துக் கம்பனியில் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸின் உதவியாளரானார். வேலை முடிந்ததும் கலாநிதிப் பட்டத்துக்கும் படித்தார். வேலையை விட்டு முழுநேரமாகப் படித்தால்தான் தொடரலாம் என்று ஒரு கட்டத்தில் புரூக்ளின் பொலிடெக்னிக்கில் கூறிவிட்டார்கள். அவர் பட்டத்தை விட்டார். குருதிப் புற்றுநோய்க்கும் கீல்வாதத்துக்கும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கும் உதவும் மருந்துகள் அதன் பிறகு அவருடைய கைகளில் உருவாயின.

வைரசைக் கொல்லும் மருந்து நம் உடற்கலத்தையும் கொன்றுவிடும் என்று பலரும் நம்பிய காலம் அது. அசைக்ளோவிரை 1974இல் முதலில் தயாரித்தவர் அதே கம்பனியின் ஹவார்ட் ஷேஃபர். அது எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கியது எலியனின் குழு. வைரசு தன்னைப் பிரதி செய்யப் பயன்படுத்தும் மூலப்பொருள் ஒன்றைப் போலவே தோன்றும் போலி அது. வைரசின் சொந்த நொதியமே அதை விழிக்க வைக்கிறது. விழித்த மருந்து பிரதியின் இழையை இடையிலேயே நிறுத்திவிடுகிறது. தொற்றில்லாத கலத்தில் அது பெரும்பாலும் உறங்கியே கிடக்கும்.

ஆகவே, வைரசு பெருகும் நேரத்தில்தான் மருந்துக்கு வேலை. சுருசுருப்புத் தொடங்கியவுடன், கை கழுவி, ஒரு நாளைக்கு ஐந்து தடவை பூச வேண்டும். பொருக்குக் கட்டிய பின் பூசிப் பயன் குறைவு. நேரத்துக்குப் பூசினாலும் அரை நாளோ ஒரு நாளோ முந்தி ஆறும், அவ்வளவுதான். நரம்பின் முடிச்சில் ஒளிந்திருக்கும் வைரசை இந்தக் களிம்பு தொடாது. எனவே கொப்புளம் மீண்டும் வரலாம். கொப்புளம் உள்ளவர் பச்சிளங் குழந்தையை முத்தமிடக் கூடாது. உம்மும்மாமாருக்கு இது கடினமான தடைதான்! கண்ணில் பரவினால் தாமதியாமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

1982இல் அமெரிக்காவில் அசைக்ளோவிர் களிம்புக்கு அனுமதி கிடைத்தது. 1988இல் எலியன், ஹிச்சிங்ஸுடனும் ஜேம்ஸ் பிளாக்குடனும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மறு ஆண்டு, அவர் படிப்பை இடைநிறுத்திய அதே பொலிடெக்னிக் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது 71. 1999 பெப்ரவரி 21ஆம் திகதி வட கரோலினாவில் காலமானார்.